எடைக்குப் போகவிருந்த பதக்கம்... விளிம்பில் இருந்தது ஒரு பெயர்!

வெள்ளி விலை ஏறுகிறது என்று செய்தி வந்தால் போதும், எங்கள் அம்மா பரண் ஏறிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான். அறுந்த கொலுசு, நசுங்கிய சந்தனக் கிண்ணம், யாரோ ஒரு குழந்தையின் அரைஞாண்கொடி என்று ஒரு சுருக்குப்பை நிறைய பழைய வெள்ளியை எடுத்துக்கொண்டு, வேலூரில் உள்ள ஒரு நகைக்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடைப்பையன் ஒவ்வொன்றாகத் தராசில் போட்டான். கடைசியாக வட்டமாக, கனமாக ஒன்று விழுந்தது. ஒரு பக்கம் ராஜா தலை. இன்னொரு பக்கம் குதிரை.

“ராணிக்காசு மாதிரி ஏதோ ஒண்ணு. அதையும் போட்டுடுப்பா” என்றார் அம்மா.

அவன் போடவில்லை. விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது காசு இல்லீங்கம்மா. மேல கொக்கி இருந்த தடம் தெரியுது பாருங்க. ஓரத்துல என்னமோ எழுதியிருக்கு. யாரோட பேரோ போல. கேட்டுட்டு வந்து போடுங்களேன்” என்றான்.

அந்தப் பையனுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அவன் மட்டும் அவசரக்காரனாக இருந்திருந்தால், எங்கள் வீட்டு மனிதர் ஒருவரின் பெயர் அன்றைக்கு உருகி, யார் காலிலோ கொலுசாகியிருக்கும்.

முனீஸ்வரன் குதிரை

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு எண்பது வயது. பார்த்த உடனேயே, “இது பெரியம்மாவோட முனீஸ்வரன் ஆச்சே!” என்றார்.

அப்பாவின் பெரியம்மா என்றால் எனக்குப் பெரியபாட்டி. எங்கள் தாத்தாவின் அண்ணன் மனைவி. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இறந்துபோனார். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, யாரிடமும் அதிகம் பேசாத சுபாவம். இவ்வளவுதான் என் நினைவில் இருப்பது. வெள்ளிக்கிழமைகளில் அவர் தன் தகரப் பெட்டியைத் திறந்து, இந்தக் குதிரைக்குச் சந்தனம் வைப்பாராம். குதிரைக்காரனை முனீஸ்வரன் என்று நினைத்திருக்கிறார். குதிரையின் கால் இடுக்கில் இன்னும் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது.

உண்மையில் அது முனீஸ்வரன் இல்லை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மறுபக்கம் குதிரையில் புனித ஜார்ஜ். குதிரையின் காலடியில் எதிரி நாடுகளின் கழுகுக் கேடயம், ஒரு மண்டையோடு, ஓரத்தில் 1914, 1918 என்ற ஆண்டுகள்.

இது அபூர்வமான பொருள் இல்லை. வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன. வீரத்துக்கான விருதும் இல்லை. போருக்குப் போனவர் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வெள்ளி. 1979-80ல் உலகச் சந்தையில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது, இங்கிலாந்திலேயே ஏராளமானவற்றை உருக்கிவிட்டார்கள். எங்கள் அம்மா மட்டும் விதிவிலக்கா என்ன!

ஆனால், இந்தப் பதக்கத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. 65 லட்சத்தில் ஒன்று என்றாலும், யாருக்குக் கொடுத்தார்களோ அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை விளிம்பில் பொறித்திருப்பார்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முதலில் ஒரு எண். பிறகு ‘எஸ்.பி.ஆர்.’ என்று மூன்று எழுத்துகள். கடைசியில் ‘2 எஸ். அண்ட் எம்.’ நடுவில் ஒரு தமிழ்ப் பெயர். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்தபோது, எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது எங்கள் சித்தப்பாவின் பெயர்!

ஏன் அவர் ‘தம்பி’?

1951ல் பிறந்த சித்தப்பாவின் பெயர் எப்படி 1918ஆம் ஆண்டுப் பதக்கத்தில் இருக்கும்? அப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு மெதுவாக, “அதான் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையா...” என்றார்.

எங்கள் வீட்டில் சித்தப்பா எல்லோருக்கும் ‘தம்பி’தான். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் மட்டும்தான் அவருக்குப் பெயர். கடைக்குட்டி என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தோம். காரணம் வேறு. போருக்குப் போய்த் திரும்பாத அண்ணனின் பெயரைத் தாத்தா தன் மகனுக்கு வைத்துவிட்டார். ஆனால், பெரியபாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். பாட்டி, மூத்தார் பெயரைச் சொல்லக் கூடாது. தாத்தாவோ அண்ணனை அண்ணன் என்றுதான் சொல்லுவார். அந்தக் காலத்து வழக்கம். ஆக, பெயரை வைத்தார்கள். ஆனால், அந்தப் பெயரை வீட்டுக்குள் ஒருவரும் உச்சரிக்கவில்லை. சித்தப்பாவின் பத்து வயதில் தாத்தாவும் போய்விட்டார். அந்தப் பெயர் யாருடையது என்ற விஷயமும் அவரோடு போய்விட்டது.

பெரியபாட்டிக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இருந்திருந்தால், இனிஷியலாகவாவது அந்த மனிதர் தங்கியிருப்பார்.

சித்தப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “எழுபத்து நாலு வருஷமா நான் சுமக்கிறது அவரோட பேரா?” என்று மட்டும் கேட்டார்.

பெங்களூருக்குப் போன பிள்ளைகள்

இப்போது பெயர் இருக்கிறது. ஆள் யார்? விளிம்பில் இருந்த மற்ற எழுத்துகளைத் துழாவ ஆரம்பித்தேன்.

எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். சுரங்கம் தோண்டுவது, பாலம் கட்டுவது, சாலை போடுவது, முள்கம்பியை வெட்டுவது என எல்லாவற்றையும் செய்யும் ராணுவப் பொறியாளர் பிரிவின் கடைநிலைச் சிப்பாய். ‘2 எஸ். அண்ட் எம்.’ என்பது அன்றைய இரண்டாவது விக்டோரியா மகாராணி சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். சுருக்கமாக, மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780ல் தொடங்கிய இந்தப் படை, இன்று மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப் என்ற பெயரில் பெங்களூரில் இருக்கிறது.

இந்தப் படை வீரர்களுக்கு இந்திய ராணுவத்தில் இன்றுவரை ஒரு செல்லப்பெயர் உண்டு. என்ன தெரியுமா? ‘தம்பி’கள்! இதைச் சொன்னதும் சித்தப்பா போனிலேயே சிரித்துவிட்டார்.

முதல் உலகப் போர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது எம்டன் கப்பல் மட்டும்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. தமிழுக்கு ‘எம்டன்’ என்று ஒரு வார்த்தையையும் தந்துவிட்டுப் போனது. ஆனால், அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டிப் போனார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. சாதாரண சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய்.

பிரான்ஸின் சேற்றுப் பதுங்குகுழிகளில் நம்மவர்கள் இருந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தார்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 1914 நவம்பரில் இன்றைய தான்சானியாவின் டாங்கா நகரச் சண்டையில் இறங்கியது. அங்கே துப்பாக்கிக் குண்டுகளோடு, கலைந்த தேனீக் கூட்டங்களும் சேர்ந்து கொட்டியதால், ‘தேனீக்களின் யுத்தம்’ என்றே அதற்குப் பெயர். எல்லாவற்றையும்விட அதிகமான இந்தியர்கள் போனது மெசபடோமியாவுக்கு. அதாவது, இன்றைய இராக்.

எங்கள் சாப்பர் எங்கே போனார்?

ஊறுகாய் ஜாடி மூடி

பதிலின் முதல் துண்டு அம்மாவிடமிருந்து வந்தது. “பெரியபாட்டிகிட்ட சிங்கம் போட்ட பித்தளைத் தட்டு ஒண்ணு இருந்துச்சே. ஊறுகாய் ஜாடிக்கு மூடியா வெச்சிருப்பாங்க. அவங்க போனப்புறம் பாத்திரக்காரன்கிட்ட போட்டு எவர்சில்வர் டபரா வாங்கினேன்” என்றார் சாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளங்கை அகலத்தில், சிங்கமும் பெண் உருவமும் உள்ள அந்த வெண்கல வட்டத்தட்டு, போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும் அனுப்பப்பட்ட நினைவுத் தகடு. இங்கிலாந்தில் அதை ‘செத்தவன் காசு’ என்பார்கள். 13 லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பட்டன. அதில் பெயர் மட்டுமே இருக்கும், பதவி இருக்காது. தளபதியானாலும் சாப்பரானாலும் சாவில் ஒன்றுதான் என்று பொருள்.

பெரியபாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் கணவர் செத்ததற்கான சான்று அது என்பதை யாராவது அவருக்குச் சொன்னார்களா? தெரிந்துதான் தினமும் தொடும் ஜாடியின் மேல் வைத்திருந்தாரா? அதைக் கேட்க இன்று யாரும் இல்லை.

தேடினேன்... தேடினேன்...

அவர் இறந்தது உறுதியானதும், அடுத்து எங்கே, எப்போது என்ற கேள்விகள். இங்கேதான் ஒரு சாதாரண இந்தியச் சிப்பாயைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது.

பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் ஏறக்குறைய 60 சதவிகிதம், 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டில் எரிந்துபோயின. மிச்சமாவது இருக்கிறது. சாதாரண இந்தியச் சிப்பாய்களின் தனிப்பட்ட பதிவேடுகளோ லண்டனில் சேர்த்தே வைக்கப்படவில்லை. பஞ்சாபுக்கு மட்டும் ஒரு கொடுப்பினை. போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் கிராம வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றைக் கணினிக்கு ஏற்றும் வேலை நடந்து, 2021ல் முதல் பகுதி மக்கள் பார்வைக்கு வந்தது.

படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆசையோடு சில பக்கங்களைப் புரட்டினேன். அன்றைய வானிலை, தோண்டிய பள்ளத்தின் நீளம் எல்லாம் இருக்கிறது. அதிகாரிகள் இறந்தால் பெயர் இருக்கிறது. சிப்பாய்கள் இறந்தால் பெரும்பாலும் எண்ணிக்கைதான். இத்தனை பேர் என்று ஒரே வரி.

கடைசியில் கைகொடுத்தது, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். உலகப் போர்களில் இறந்தவர்களின் பட்டியலை அதில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பெயரைப் போட்டேன், வரவில்லை. ஒரு எழுத்தைக் கூட்டினேன், குறைத்தேன், வரவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்களில் இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதியதில்லை. அலுத்துப்போய், பெயரை விட்டுவிட்டு விளிம்பிலிருந்த எண்ணையும் படைப்பிரிவையும் மட்டும் போட்டேன்.

ஒரே ஒரு பதிவு வந்தது.

சாப்பர். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர், தந்தையின் இடத்தில். குடியாத்தம், வட ஆற்காடு, மதராஸ். இறந்தது 1917 ஜூலை. நினைவிடம்: பாஸ்ரா, இராக்.

எப்படி இறந்தார் என்று அதில் இல்லை. அந்த ஜூலையில் இராக்கில் அடித்தது மனிதர் தாங்கும் வெயில் இல்லை. அதே மாதம் ரமாடியில் நடந்த தாக்குதலில், குண்டு பட்டு விழுந்தவர்களைவிட வெயிலில் சுருண்டவர்கள் அதிகம். வேலூர்க்காரருக்கு வெயில் புதிதில்லை. ஆனாலும், அந்த வெயில் வேறு.

கல்லில் எண்ணிக்கை

பாஸ்ரா நினைவிடத்தின் படத்தைப் பார்த்தேன். பாலைவனத்தில் நீண்ட கல் மண்டபம். கல்லறை தெரியாத 40,500க்கும் மேற்பட்டோருக்கான நினைவிடம். முதலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1997ல் சதாம் உசேன் உத்தரவில் அப்படியே பெயர்த்து, நசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிக் கட்டினார்கள்.

அந்தச் சுவரில் எங்கள் சாப்பரின் பெயர் எங்கே இருக்கும் என்று தேடினேன். இருக்காது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் கல்லில் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயரும் அதில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் மட்டும்தான். அவர்களின் பெயர்கள் தனியே ஒரு புத்தகத்தில் போயின. பிரான்ஸின் நவ் ஷாப்பல் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஐரோப்பாவில் செத்தால் பெயர், இராக்கில் செத்தால் எண்.

இது தவறு என்பதை அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

வேலூர் லாங் பஜாரில் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் மணிக்கூண்டைத் தாண்டித்தான் போவேன். அதிலிருக்கும் கல்வெட்டை அன்றுதான் நின்று படித்தேன். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. இங்கேயும் எண்ணிக்கைதான்.

பாஸ்ராவில் எண், நாட்குறிப்பில் எண், மணிக்கூண்டில் எண். அந்த மனிதர் கண்ணால் பார்க்காமலே போன ஒரு வெள்ளி வட்டத்தின் விளிம்பில்தான் அவர் பெயர் இருந்தது. அதைத்தான் நாங்கள் எடைக்குப் போடப் போனோம்.

யாருக்காகச் செத்தார்?

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “வெள்ளைக்காரன் சண்டைக்கு வெள்ளைக்காரனுக்காகப் போய்ச் செத்தவர். இதுல பெருமைப்பட என்ன இருக்கு?” என்றார்.

நியாயமான கேள்விதான். என்னிடம் பெரிய பதில் இல்லை. இதே மெட்ராஸ் சாப்பர்ஸில், அடுத்த உலகப் போரில் காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், உடன் இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் தானே விழுந்து உயிரைக் கொடுத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். எங்கள் சாப்பர் அப்படி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. 11 ரூபாய்ச் சம்பளத்தை நம்பிப் போன இருபது வயதுப் பையன். கல்யாணமான சூட்டோடு கிளம்பியவன். பாலமோ பள்ளமோ, சொன்ன வேலையைச் செய்தவன். திரும்பி வரவில்லை.

“பெருமைக்கு இல்லப்பா. நம்ம வீட்டு ஆள்னு தெரிஞ்சுக்கத்தான்” என்றேன். அப்பா எதுவும் பேசவில்லை. ஆனால், அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள், “தம்பியை வரச் சொல்லு” என்றார்.

எங்கள் வீட்டில் அமாவாசைக்குப் படையல் போடுவது வழக்கம். அன்று இலை நடுவில் அந்தப் பதக்கத்தையும் வைத்தோம். சந்தனத்தை அம்மாதான் வைத்தார், குதிரையின் கால் இடுக்கில். கற்பூரம் காட்டும்போது முன்னோர் பெயரைச் சொல்லிக் கும்பிடுவது அப்பாவின் வேலை. அன்றைக்கு அவர் நகர்ந்து நின்று, கற்பூரத் தட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

சித்தப்பா அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அது தன் பெயரும்தான் என்பதால் குரல் கொஞ்சம் நடுங்கியது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எங்கள் வீட்டுக்குள் அவரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறதா?

* பழைய பதக்கம் கிடைத்தால் புளி, பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்துகள் தேய்ந்தால் எல்லாம் போச்சு. மென்மையான துணியால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

* வட்டப் பதக்கமென்றால் விளிம்பையும், நட்சத்திர வடிவமென்றால் பின்பக்கத்தையும் பாருங்கள். எல்லாவற்றிலும் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டாலும், பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் போன்ற இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் அவர் எந்தப் போர்முனையில் இருந்தார் என்பதைச் சொல்லிவிடும்.

* எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அன்று ஒரே எண் வெவ்வேறு படைப்பிரிவுகளில் வெவ்வேறு ஆட்களுக்கு இருக்கலாம். எண், படைப்பிரிவு, ஊர், தந்தை பெயர் என எல்லாம் பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள்.

* பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். ஊரைப் பழைய மாவட்டப் பெயரில் தேடுங்கள்: வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு, ராம்நாடு, திருநெல்வேலி என்று.

* இரண்டாம் உலகப் போரில் அல்லது அதற்குப் பின் பணியாற்றியவர் என்றால், அவருடைய படைப்பிரிவின் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையிடம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது; மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. வழிகாட்ட, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. பழைய பென்ஷன் புத்தகம், மணியார்டர் ரசீது, டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

* எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். ஊறுகாய் ஜாடி மூடியைப் பற்றி எந்த ஆவணக் காப்பகமும் உங்களுக்குச் சொல்லாது.